ஈரிக்கரையின் ராத்தங்கல்

செப்டம்பரில் கனடாவின் பாயின்ட் பீலி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள், மரக்கிளைகளில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிகள் கொத்துக்கொத்தாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இவை அருகிவருவதாகச் சொல்கிறார்களே, இங்கே இவ்வளவு இருக்கின்றனவே" என்று கேட்பதுண்டு. நியாயமான சந்தேகம்தான்.

கனடாவின் பெருநிலம் தெற்கே முடிகிற இடம் அது. ஈரி ஏரிக்குள் கூராக நீண்டிருக்கிறது. தெற்கே போகும் பூச்சிகள் நீரைக் கண்டதும் கரையோரமாகவே நகர்ந்து அந்த முனையில் வந்து சேர்கின்றன. எதிர்க்காற்றோ மழையோ இருந்தால் ஏரியைக் கடக்காமல் தங்கிவிடும். வடகாற்று வந்தால் கிளம்பிவிடும். ஓடத்துறையில் நெரிசல் என்பதற்காக ஊரில் ஜனத்தொகை கூடிவிட்டது என்று சொல்ல முடியுமா?

பகலில் இவை தனித்தனியாகத்தான் பறக்கின்றன. வெயில் சாயும் நேரத்தில்தான் காற்றுப் படாத பக்கமாக ஒரு மரத்தைத் தேடி ஒன்றிரண்டாக வந்து ஒட்டும். இறக்கையை மூடிவிட்டால் வெளிறிய பழுப்பு. காய்ந்த இலை என்றே தோன்றும். புதிதாக ஒன்று இடம் தேடி உரசும்போது, முன்பே இருப்பவை படக்கென்று இறக்கை விரிக்கும். அப்போதுதான் கிளை முழுக்க ஆரஞ்சு. வெப்பநிலை 13 டிகிரிக்குக் கீழே போனால் இவற்றால் அநேகமாகப் பறக்க முடியாது. காலை வெயிலில் உடலைச் சூடேற்றிய பிறகே எழும்பும். நல்ல படம் வேண்டுமென்று கிளையை உலுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் புண்ணியம். குளிரில் கீழே விழுந்தது அங்கேயே கிடக்கும்.

அரை கிராம் எடைதான். கோடையில் பிறப்பவை சில வாரங்களே வாழும். இலையுதிர்காலத் தலைமுறையோ இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு எட்டு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். எங்கே போகின்றன என்பது நெடுங்காலம் விஞ்ஞானிகளுக்குப் புதிராகவே இருந்தது. கனடாவின் பிரெட் அர்க்ஹார்ட்டும் அவர் மனைவி நோராவும் இறக்கையில் சிறு வில்லை ஒட்டிப் பல்லாண்டு தேடினார்கள். அவர்களுக்காகத் தேடியவர்கள் 1975 ஜனவரியில் மெக்சிகோ மலைக்காட்டில் அந்த இடத்தைக் கண்டார்கள். அங்கே போனவை கனடாவுக்குத் திரும்புவதில்லை. மறு கோடையில் இங்கே வருபவை அவற்றின் பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திகள்.

எண்ணிக்கையைக் கணிக்கத் தோதான இடமும் அந்த மெக்சிகோ காடுதான். கிழக்கு வட அமெரிக்காவின் பூச்சிகளில் பெரும்பகுதி குளிர்காலத்தில் அங்கேதான் ஒண்டுகின்றன. தலையை எண்ணுவதில்லை, எத்தனை ஹெக்டேர் மரங்களில் அடைந்திருக்கின்றன என்று அளக்கிறார்கள். 1996-97 குளிர்காலத்தில் சுமார் 18 ஹெக்டேர். 2013-14இல் 0.67. 2024-25இல் 1.79; முந்தைய ஆண்டைப்போல் இரு மடங்கு என்று மகிழ்ந்தார்கள், ஆனாலும் பழைய அளவில் பத்தில் ஒரு பங்குதான்.

மெக்சிகோவில் மரம் வெட்டியது ஒரு காரணம். ஆனால் பெரிய அடி அமெரிக்காவின் மக்காச்சோள, சோயா வயல்களில் விழுந்தது என்பதே பல ஆய்வாளர்களின் கணிப்பு. மோனார்க் புழு தின்பது நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்வடியும் செடிகளை மட்டும்தான். முன்பெல்லாம் அவை பயிர்களுக்கு ஊடே களையாக முளைத்துக் கிடந்தன. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றுப் பயிர்கள் 1990களின் பிற்பகுதியில் பரவியபோது, மருந்து தாராளமாக அடிக்கப்பட்டு அந்தச் செடிகள் வயல்களிலிருந்து பெரும்பாலும் துடைத்தெடுக்கப்பட்டன.