பேயை கிண்டலடிக்க வந்து கோட்டை விட்ட 'இரண்டாம் குத்து'!

திருவண்ணாமலை: கொரோனாவால் பல மாதம் பூட்டிக் கிடந்த தமிழக தியேட்டர்கள் 2020 நவம்பர் 10ம் தேதி பாதி சீட்டோடு திறந்தன. திருவண்ணாமலையில் அப்போது பவுர்ணமி கிரிவலத்துக்கே தடை. அந்த தீபாவளிக்கு தியேட்டருக்கு வந்த படங்களில் ஒன்று... 'இரண்டாம் குத்து'!

2018ல் கல்லா கட்டிய 'இருட்டு அறையில் முரட்டு குத்து' படத்தின் அடுத்த பாகம் இது. இரண்டுக்கும் டைரக்டர் சந்தோஷ் பி.ஜெயக்குமார். இரண்டாவதில் ஹீரோவும் அவரே.

விஷயம் என்னன்னா, முதல் பாகத்தின் கரு நிஜமாவே நல்ல கரு. 2011ல் 'காஞ்சனா' ஓடியதும் கோடம்பாக்கத்தில் பேய் படங்கள் வரிசை கட்டின. பாதிக்கு மேல் ஒரே பிளாஷ்பேக். அநியாயமா செத்தது, பழிவாங்க வந்தது. இந்தப் பேய்க்கோ ஆண் சுகம் தெரியாமல் செத்துப்போன ஏக்கம்தான். பேய் பட பார்முலாவையே கிழித்திருக்கலாம். பெண்ணுக்கு ஆசை என்றதும் பதறும் ஆம்பளைகளையும் ஒரு வாங்கு வாங்கியிருக்கலாம்.

நடந்தது வேற. இரட்டை அர்த்த வசனங்களை ஒட்டிப்போட்ட தொகுப்பாகவே படம் நகர்ந்தது. இரண்டாம் பாகத்தில் அந்தக் கருவும் தேய்ந்து போச்சு. விளம்பரத்தைப் பார்த்து டைரக்டர் பாரதிராஜா 2020 அக்டோபரில் கண்டனம் தெரிவிக்க, அவருடைய 1981 'டிக் டிக் டிக்' போஸ்டரை காட்டி பதிலடி வந்தது. அந்தச் சண்டையில் இருந்த காரம்கூட படத்தில் இல்லை.

பழியை 'ஏ' சான்றிதழ் மேல் போட முடியாது. 2019ல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படமும் 'ஏ' தான். ஆபாசப் படம் பார்க்க உட்காரும் பையன்களில் ஒருத்தன், திரையில் தன் தாயையே பார்க்கிறான். சிரிப்பும் வருது, சுருக்குன்னும் குத்துது.

இன்னொரு கொடுமை... போலிச் சாமியார்களை வெளுத்து வாங்கிய 'மூக்குத்தி அம்மன்' அதே தீபாவளிக்கு ஓடிடியில் வந்தது. திருவண்ணாமலை மாதிரி கோயில் ஊரில் குடும்பத்தோட உட்கார்ந்து கைதட்ட வேண்டிய படம் செல்போனுக்குப் போச்சு. குடும்பங்களை திரும்ப இழுக்க வேண்டிய தியேட்டருக்கு 'இரண்டாம் குத்து' வந்தது!

வெறும் கிளுகிளுப்புக்கு டிக்கெட் எடுக்கும் காலமும் மலையேறிவிட்டது. 2025 ஜூலையில் 'உல்லு' உள்பட 25 ஆபாச தளங்களை மத்திய அரசு முடக்கியது. அந்த சரக்கு எவ்வளவு சுலபமாக கைக்கு வந்தது என்பதற்கு இதுவே சாட்சி. இனி தியேட்டரில் 'ஏ' படம் நிக்கணும்னா, செல்போனில் கிடைக்காத நையாண்டி அதில் இருக்கணும். இல்லாவிட்டால் சீட்டுகள் காலிதான்!