வயலில் எரிவதும் தீவனம், காட்டை எரிப்பதும் தீவனத்துக்காக

சிறுபோக வெட்டு நடக்கும் ஓகஸ்ட் மாதத்தில், கச்சான் காற்று வீசும் நாள்களில், கல்முனைக் கரையோரத்தில் அஸருக்குப் பிறகு யன்னலைத் திறந்து வைக்க முடிவதில்லை. கொடியில் காயும் வெள்ளை உடுப்பில் கருகிய வைக்கோல் துரும்பு வந்து ஒட்டுகிறது. தட்டினால் விழுவதில்லை, கறையாக இழுபடுகிறது. இரவில் காற்று அடங்கியதும் புகை கீழே இறங்கி ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சாய்ந்தமருது, நிந்தவூர், காரைதீவு, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று எந்த ஊரிலும், முட்டு வருத்தம் உள்ள பிள்ளையையோ வயோதிபரையோ வைத்திருக்கும் வீட்டாருக்கு அந்த இரவுகள் எப்படிக் கழிகின்றன என்பது தெரியும்.

இந்தப் புகை யாருடையது என்பதில்தான் தர்க்கம். விவசாயி காட்டைக் காட்டுகிறார். மாட்டுப் பட்டிக்காரர் வயல் வட்டையைக் காட்டுகிறார். இன்னும் சிலர் இந்தியாவைக் காட்டுகிறார்கள். 2022 டிசம்பரில் வட இந்தியாவின் அழுக்குக் காற்று இலங்கைக்குள் வந்து, டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளை மூட நேர்ந்தது உண்மை. ஆனால் அது வடகீழ்ப் பருவக் காலத்துக் கதை. கச்சான் தென்மேற்கிலிருந்து வருவது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி நம் பக்கம் இறங்கும் காற்று அது. அதன் வழியில் ஊவாவின் புல்மலைகளும், கல்லோயாக் காடுகளும், சம்மாந்துறை, இறக்காமம் வட்டைகளும்தான் இருக்கின்றன. ஓகஸ்ட் புகைக்கு டெல்லியைக் குற்றம் சொல்ல வழியில்லை.

காடு தானாகப் பற்றிக்கொள்கிறது என்பதும் நிற்காத வாதம். இந்நாட்டின் காட்டுத்தீயில் மிகப் பெரும்பாலானவை மனிதர் வைத்தவை. வேட்டைக்கு வைக்கிறார்கள், சேனைக்கு வைக்கிறார்கள், கருகிய நிலத்தில் மழைக்குப் பின் இளம்புல் முளைக்கும் என்று மாட்டுக்காகவும் வைக்கிறார்கள். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம் பட்டிக்காரர் தீவனம் தேடிக் காட்டுக்குத் தீ வைக்கிறார். அதே வாரத்தில், சில மைல்களுக்கு இப்பால், விவசாயி தீவனத்துக்கே தீ வைக்கிறார். நம் தலைக்கு மேல் நிற்பது இந்த இரண்டு நெருப்பின் புகையும்தான். காட்டுத்தீயா வயல்தீயா என்ற தர்க்கத்தில் நாம் தவறவிடுவது இதையே. இரண்டுக்கும் வேர் ஒன்று: வைக்கோல், தேவைப்படுபவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

முன்பு இப்படி இருக்கவில்லை. அரிவாளால் வெட்டி, கட்டுக் கட்டிச் சுமந்து, களவெட்டியில் சூடு மிதித்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்தில் போராக நின்றது. மாட்டுக்கும் கூரைக்கும் போனது. இன்று வெட்டு மெஷின் நெல்லை மூட்டைக்குள் தள்ளிவிட்டு, வைக்கோலை வயல் முழுவதும் வரிவரியாகக் கொட்டிச் செல்கிறது. அதைக் கூட்டி அள்ளக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது என்கிறார் விவசாயி. பன்றிநெல் விதையும் பூச்சியும் அழியும் என்கிறார். இவை வீண் சாட்டுகள் அல்ல. ஆனால் நெருப்பில் அவர் இழப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு ஹெக்டயரில் 4, 5 தொன் வைக்கோல் விழும். எரித்தால் அதிலுள்ள நைதரசன் ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போகிறது. பயிர் உறிஞ்சிய பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலில்தான் இருக்கிறது. அதிலும் ஒரு பங்கு போய்விடுகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தியபோது ஒரு மூடை உரத்துக்கு அலைந்த நாம், உரத்தை வயலிலேயே வைத்துக் கொளுத்துவது எந்த நியாயம்?

நேரமில்லை என்ற காரணமும் சிறுபோகத்துக்குப் பொருந்தாது. பெரும்போக வெட்டுக்கும் சிறுபோக விதைப்புக்கும் இடையில் அவகாசம் குறைவு என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் சிறுபோக வெட்டு முடிந்து பெரும்போக விதைப்பு தொடங்கப் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு மேல் கிடைக்கிறது. வைக்கோலை அள்ளவும், உழுது மண்ணோடு சேர்க்கவும் அது போதும்.

தடை மட்டும் போட்டால் போதாது என்பதற்குப் பஞ்சாபும் ஹரியானாவும் சாட்சி. அங்கே 2015இலேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அறுவடைக் கழிவை எரிக்கத் தடை விதித்தது. அபராதமும் வந்தது. கையில் வேறு வழியில்லாத விவசாயி அதன் பிறகும் எரித்தார். நம் நாட்டிலும் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் வேலியோரத்தில் குப்பை எரிகிறது.

ஆகவே நாம் கேட்பது இவைதான். பெரும்போகத்துக்கான பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் வைக்கோலையும் ஒரு விடயமாக எடுக்க வேண்டும். தண்ணீர் திறக்கும் நாளையும், விதைப்பின் கடைசி நாளையும், மாடுகளை வட்டையிலிருந்து அகற்றும் நாளையும் தீர்மானிக்கும் சபை அது. அதன் முடிவு விவசாயிகளைக் கட்டுப்படுத்தும். எந்த வட்டையின் வைக்கோல் எந்தப் பட்டிக்குப் போகும், எந்தத் திகதிவரை அள்ளலாம் என்பதையும் அங்கேயே முடிவெடுக்கலாம். மாவட்டச் செயலகம் கமநல சேவை நிலையங்கள் ஊடாக வைக்கோல் கட்டும் இயந்திரங்களை வாடகைக்கு விட வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா என்ற அளவில் கரைசல் தெளித்து, காற்றுப் புகாமல் மூடிவைத்தால் மாட்டுக்கு ஏற்ற தீவனமாகும். கால்நடை வைத்தியர்கள் அதைப் பட்டிக்காரருக்கு நேரில் செய்து காட்ட வேண்டும். காட்டில் தீ வைப்போர்மீது சட்டம் தயங்காமல் பாய வேண்டும். வழி காட்டிய பிறகு வயலில் எரிப்போருக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் வெட்டுக் காலத்தில் காற்றை அளந்து நாளாந்தம் அறிவிக்க முன்வர வேண்டும். நுண்துகளுக்கு (PM2.5) நம் நாட்டுச் சட்டம் 24 மணித்தியாலச் சராசரியாக, ஒரு கன மீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்ற எல்லையை வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 15 என்கிறது. நாம் சுவாசிப்பது எவ்வளவு என்று தெரிந்தால்தான் அதிகாரிகளிடம் அழுத்திக் கேட்க முடியும். ஜும்ஆ மிம்பர்களில் இருந்தும் இதைச் சொல்ல வேண்டும். அயலவருக்குத் தீங்கு செய்யாதே என்ற கடமை, வயலில் தீக்குச்சியை உரசும் கைக்கும் உண்டு.

விவசாயியும் பட்டிக்காரரும் இத்தனை காலம் ஒருவரையொருவர் குற்றம் சாட்டியது போதும். ஒருவரிடம் மிஞ்சிக் கிடப்பது மற்றவருக்கு இல்லாத பொருள். அவர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது மாவட்ட நிர்வாகத்தின் வேலை. அதை இந்தப் பெரும்போகக் கூட்டத்திலேயே தொடங்க வேண்டும்.