இரண்டு வெளியேற்றங்களுக்கும் ஒரே அரங்கம்

1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்தில் கூட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊரைவிட்டுப் போவதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். போகும் வழியில் சோதனை நடந்தது. பெண்கள் பலர் காதில் கிடந்த தோட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டே ஊர் எல்லையைக் கடந்தார்கள். அந்த அக்டோபரில் வடக்கு மாகாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 அக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துத் தெருக்களில் மறுபடியும் ஒலிபெருக்கிகள் ஒலித்தன. ராணுவம் நெருங்கிவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்று இந்த முறை தமிழர்களுக்குப் புலிகள் அறிவித்தார்கள். அன்றிரவு கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தின் வழியே தென்மராட்சிக்கு நகர்ந்த கூட்டம் பல லட்சம். சைக்கிளில் அரிசி மூட்டை, கைத்தாங்கலாக முதியவர்கள், தூங்கி விழும் குழந்தைகள். அன்று பாலத்தைக் கடந்தவர்கள் இன்றும் தங்கள் வயதை அந்த இரவை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

ஒரே மண்ணில், ஒரே தேதியில் நிகழ்ந்த இந்த இரு வெளியேற்றங்களையும் சேர்த்து நினைக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம் இல்லை. ஒன்றை, துரத்தப்பட்ட முஸ்லிம்கள் பலர் தஞ்சமடைந்த புத்தளத்தில் நினைவுகூர்கிறார்கள், மற்றதை யாழ்ப்பாணத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் நினைவுகூர்கிறார்கள். இலங்கைப் போரைப் பற்றிய ஆவணப்படங்களுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு படத்துக்கும் ஏற்கெனவே உடன்படும் பார்வையாளர் கூட்டம் ஒன்று உண்டு. யாருக்கு அந்தப் படம் புதிய செய்தியாக இருக்குமோ, அவர்கள் அதைப் பார்ப்பது அரிது.

படங்களுக்குக் குறைவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைச் சோமீதரன் ‘எரியும் நினைவுகள்’ என்ற படத்தில் பதிவு செய்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் பேராசிரியர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு, இந்திய அமைதிப்படை, தமிழ் இயக்கங்கள் என எல்லாத் தரப்பின் அத்துமீறல்களையும் எழுதிவைத்தவர் அவர். அவரைப் பற்றி ஹெலன் க்ளோடாவ்ஸ்கி 2005இல் எடுத்த ‘நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்’ படத்தின் மீட்டுருவாக்கக் காட்சிகளில் ராஜினியாக வருபவர் அவருடைய மகள் ஷாரிகா. தாயை இழந்த பிள்ளை அதே தாயாகக் கேமரா முன் நிற்கும் அந்தக் காட்சிகளைப் பார்ப்பவர், எந்த அரசியல் நிலைப்பாடு உள்ளவராக இருந்தாலும், கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருப்பார். மானுடவியலாளரான ஷாரிகா பிற்பாடு இடம்பெயர்ந்தோர் வாழ்வை ஆராய்ந்தபோது யாழ்ப்பாணத் தமிழர்களையும் வடக்கு முஸ்லிம்களையும் ஒரே நூலில் வைத்து எழுதினார் என்பது இங்கே நினைவுகொள்ளத் தக்கது.

ஜூட் ரத்னம் 1983 ஜூலை வன்முறையின்போது ஐந்து வயதுச் சிறுவனாகத் தெற்கிலிருந்து ரயிலில் தப்பி வடக்கே வந்தவர். அதே ரயில் பாதையில் மீண்டும் பயணம் செய்து அவர் எடுத்த ‘டீமன்ஸ் இன் பாரடைஸ்’ 2017இல் கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கதையையும் அது பேசியது. அந்த ஆண்டு யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் அதைத் திரையிடும் ஏற்பாடு எதிர்ப்பினால் கைவிடப்பட்டது.

எதிர்த்தவர்களின் வாதத்தை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அந்த ஆண்டு பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ‘நோ ஃபயர் ஸோன்’ படத்துக்கு 2014இல் இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. மலேசியாவில் அதைத் திரையிட்ட குற்றத்துக்காக ஒருவர் நீதிமன்றம் ஏறினார். “எங்கள் அழிவைக் காட்டும் படத்துக்குக் கதவு மூடியிருக்கிறது, எங்கள் தவறைக் காட்டும் படத்துக்கு மட்டும் கதவு திறக்கிறதா?” என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மறுபுறத்து நியாயமும் அதே அளவு கனமானது. இயக்கங்களால் கொல்லப்பட்டவர்களுக்கும் தாய்மார் உண்டு. யாழ்ப்பாண முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவின் வீடுகளை விட்டுப் போனவர்களுக்கும் அந்த வீடு வீடுதான். படம் நிறுத்தப்பட்டால் அவர்கள் இரண்டாம் முறையாக வெளியேற்றப்படுகிறார்கள். என் கணிப்பில் 2017இல் அந்தப் படம் திரையிடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தனியாக அல்ல. ‘எரியும் நினைவுகள்’ அதற்கு முந்தின நாளும், முஸ்லிம்களின் வாக்குமூலங்கள் அதற்கு அடுத்த நாளும் அதே அரங்கில் ஓடியிருந்தால், படம் யாருக்கு எதிரானது என்ற கேள்விக்கு அவ்வளவு வேகம் இருந்திருக்காது.

புண்ணைக் கிளற வேண்டாம் என்போரின் கவலையும் பொய்யல்ல. போரைப் பார்க்காத தலைமுறை ஒன்று அதன் கசப்பு இல்லாமல் வளரட்டும் என்று பெற்றோர் பலர் மனதார விரும்புகிறார்கள். ஆனால் பிள்ளைகள் கதையைக் கேட்காமல் இருப்பதில்லை. கைபேசியில் அரை நிமிடத் துணுக்குகளாக, ஒரு தரப்பு மட்டும் பேசுவதாக அதைக் கேட்கிறார்கள். ஆசிரியரோ பெரியவரோ பக்கத்தில் இருக்க, முழுப் படத்தையும் பார்த்துக் கேள்வி கேட்பது அதைவிடப் பாதுகாப்பானது என்பதைப் பெற்றோரும் ஒப்புக்கொள்வார்கள். சிங்களப் பார்வையாளர்களுக்கும் இது பொருந்தும். எல்லைக் கிராமங்களில் உறவுகளை இழந்த சிங்களக் குடும்பங்களின் கதையும் இந்த வரிசையில் வரவேண்டும். அப்போதுதான் மாத்தறையில் இருப்பவரிடம் வலிகாமத்தின் கதையைப் பார்க்கச் சொல்லும் உரிமை நமக்கு வரும்.

அப்படியானால் அக்டோபர் 30ஐ ஒட்டி யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் இரு வெளியேற்றங்களையும் பற்றிய படங்களைச் சேர்த்துத் திரையிடும் வழக்கத்தை ஏன் தொடங்கக் கூடாது? திரைப்படச் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கைகோத்தால் போதும், அரசின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலும் இவை காட்டப்பட வேண்டும். அங்கே பிறந்து நாற்பதைத் தொடும் பலர் தங்கள் சொந்த ஊரைப் பெற்றோர் வாய்மொழியாக மட்டுமே அறிவார்கள்.

படம் எடுப்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. நேர்காணல் கொடுத்த அம்மா அந்த ஊரிலேயே தொடர்ந்து வாழ வேண்டியவர். படப்பிடிப்பு நாளில் அவர் கொடுத்த சம்மதம் எல்லாக் காலத்துக்குமானது அல்ல. நிலைமை மாறும்போது முகத்தை மறைக்கச் சொல்லவும், வேண்டாம் என்று விலகவும் அவருக்கு வழி இருக்க வேண்டும். முடிந்த படத்தை முதலில் அவர் பார்க்க வேண்டும், விழாக்கள் பிறகு.

இன்னொரு வேலை அவசரமானது. ஓர் ஆவணப்படத்தில் நாம் பார்ப்பது எடுத்ததில் சிறு பகுதிதான். மீதி நாடாக்களும் ஹார்ட் டிஸ்க்குகளும் இயக்குநர்களின் வீட்டு அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன, பேசியவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேகரித்துவரும் ‘நூலகம்’ போன்ற தன்னார்வ முயற்சிகளுக்கு இந்த மூலப் பதிவுகளும் போய்ச்சேர வேண்டும். பிரதி எடுத்துக் கொடுக்க இயக்குநர்களும், சேமிப்புச் செலவை ஏற்க வெளிநாடுகளில் உள்ள ஊர்ச் சங்கங்களும், சிங்களத்திலும் தமிழிலும் துணைவரி எழுத மாணவர்களும் முன்வந்தால் இந்த ஆண்டிலேயே தொடங்கிவிடலாம்.