‘ரெண்டு பேர்ல யார் சமத்து?’ இந்தக் கேள்வி வீட்டில் வேண்டாமே!

“ஒரே வயித்துல பொறந்ததுங்கதான். ஒண்ணு வடக்க பாக்கும், ஒண்ணு தெக்க பாக்கும்!”

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் அலுப்பு இது. மூத்தது தானாக உட்கார்ந்து ஹோம்வொர்க்கை முடிக்கும். இளையதை உட்கார வைக்கவே அரை மணி நேரம் ஆகும். விருந்தாளி வந்தால் ஒன்று மடியில் ஏறிக்கொள்ளும். இன்னொன்று கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். அதே அப்பா அம்மா, அதே சாப்பாடு, அதே ஸ்கூல். பிறகு ஏன் இப்படி?

இந்த வித்தியாசம் இயல்பானது. அதற்குப் பெரியவர்கள் மார்க் போட ஆரம்பிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

கோமதி அம்மன் சொன்ன தீர்ப்பு

‘யார் பெரியவர்?’ என்ற கேள்விக்குத் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில் ஒரு பழைய பதில் இருக்கிறது. அந்த ஊரின் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர். பதுமனுக்குத் திருமால்தான் பெரியவர். வாக்குவாதம் முற்றி, அம்பாளிடம் போய் நிற்கிறார்கள். அவள் இருவரில் ஒருவர் பக்கம் சாயவில்லை. தவம் இருக்கிறாள். இறைவன் வலப்பக்கம் சிவனாகவும் இடப்பக்கம் திருமாலாகவும், சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். ஊரே திரளும் ஆடித்தபசு அந்தக் காட்சியின் திருவிழாதான்.

அந்த உருவத்தில் இரண்டு பக்கமும் தன் தன் அடையாளத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சடை சடையாக இருக்கிறது. கிரீடம் கிரீடமாக இருக்கிறது. இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள நல்ல படம் இது.

ஒரே வீடு, ஆனால் ஒரே வீடு இல்லை!

குழந்தைகள் பிறக்கும்போதே ஒரு சுபாவத்தோடு வருகிறார்கள். 1956-ல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி தொடங்கிய ஆய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தது. சில குழந்தைகள் எதற்கும் எளிதாகப் பழகுகிறார்கள். சிலர் புதிய விஷயம் எதுவானாலும் அழுது எதிர்க்கிறார்கள். சிலர் மெதுவாகத்தான் நெருங்குகிறார்கள். அந்தச் சுபாவத்துக்கு வீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் முக்கியம் என்றார்கள் அவர்கள்.

வீடும் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாக இருப்பதில்லை. ராபர்ட் ப்ளோமின், டெனிஸ் டேனியல்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1987-ல் இதை விரிவாக எழுதினார்கள். விசைத்தறிகள் ஓடும் சங்கரன்கோவிலிலேயே ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். மூத்தவள் பிறந்தபோது அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார், வாடகை வீடு, முதல் பிள்ளை என்பதால் சளி பிடித்தாலே பயம். இளையவன் பிறக்கும்போது சொந்தத் தறி வந்துவிட்டது. அம்மாவுக்கு அனுபவம் வந்துவிட்டது. கூட விளையாட அக்காவும் இருக்கிறாள். கதவு எண் ஒன்றுதான். இருவரும் வளர்ந்த வீடு வேறு வேறு.

‘மூத்தது பொறுப்பு, கடைசி செல்லம்’ என்ற கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களை அலசி 2015-ல் வெளியான ஆய்வில், பொறுப்புணர்வு, கலகலப்பு போன்ற குணங்களுக்கும் பிறந்த வரிசைக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பு எதுவும் தெரியவில்லை.

அக்கா ஒரு வேகம், தம்பி ஒரு வேகம்

நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம், சென்னையின் வைஷாலி - பிரக்ஞானந்தா. டிவியில் கார்ட்டூன் பார்ப்பதைக் குறைக்கத்தான் வைஷாலியைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பியும் காய்களைத் தொட்டார். தம்பி 2018-ல், 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர். நான்கு வயது மூத்த அக்கா அந்த உயரத்தைத் தொட்டது 2023 டிசம்பரில், 22 வயதில். இடையில் ஐந்து வருடங்களுக்கு மேல்!

‘தம்பி எப்பவோ ஆயிட்டான், நீ இன்னும் ஆகலையா?’ என்ற ஒற்றை அளவுகோல் போதும், ஒரு பிள்ளை ஆட்டத்தையே விட்டுவிட. வைஷாலி விடவில்லை. இன்று அவர்கள் உலகின் முதல் அக்கா - தம்பி கிராண்ட்மாஸ்டர் ஜோடி. 2024 ஏப்ரலில் டொரன்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் இருவருமே ஆடினார்கள். அங்கே வரிசையாக நான்கு ஆட்டங்களில் தோற்ற வைஷாலி, கடைசி ஐந்து ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்தார்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* பட்டம் கட்டாதீர்கள். “இவ கூச்சப்படுவா” என்று பிள்ளை முன்னாலேயே அறிமுகம் செய்ய வேண்டாம். “கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுவா” என்றால் போதும்.

* ‘அண்ணன் எப்படி படிக்கான் பாரு, நீயும் இருக்கியே!’ வேண்டாம். பிள்ளையை அதே பிள்ளையின் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

* விதி ஒன்று, வழி வேறு. பொய் சொல்லக் கூடாது என்பது இருவருக்கும் பொது. ஆனால், ஒருவருக்கு ஒரு பார்வை போதும். இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வேண்டும்.

* தனித்தனியாக நேரம் கொடுங்கள். கடைக்கோ, பூ மார்க்கெட்டுக்கோ போகும்போது ஒரு நாள் ஒரு பிள்ளையை மட்டும் அழைத்துப் போங்கள். வீட்டில் வாயே திறக்காதது, வழியெல்லாம் பேசும்.

* ‘சமத்து’ப் பிள்ளையையும் கவனியுங்கள். “நீதான் விட்டுக்கொடுக்கணும்” என்று எப்போதும் கேட்கும் பிள்ளைக்கு அழவும் கோபப்படவும் இடம் இருப்பதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எல்லாவற்றையும் ‘அது அவன் சுபாவம்’ என்று விட்டுவிடக் கூடாது. இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துப் பேசாவிட்டாலும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலும், கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென ஒடுங்கிப்போனாலும் குழந்தைகள்நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்றபடி, “எனக்கு அக்கா மாதிரி வரலையே” என்று சின்னது வந்து நின்றால், “உனக்கு எப்படி வருதுன்னு காட்டு, பார்க்கலாம்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.