"போர்டு போச்சு தம்பி!"



"நீ படிக்கிற படிப்பே இதுதானேடா?" என்று பெரியம்மா கேட்ட கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

தீபாவளி விடுமுறையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். டி.வி.யோடு இணைத்திருந்த ஸ்ட்ரீமிங் பெட்டி நின்று நின்று ஓடியது. "புது ஃபர்ம்வேர் போட்டா சரியாயிடும், இதுல என்ன இருக்கு?" என்று மார்தட்டிக் கொண்டு அப்டேட் பொத்தானை அழுத்தினேன். பாதிக்கு மேல் ஏறியபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது சிவப்பு விளக்கு மட்டுமே எரிந்தது. கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சு தம்பி, புதுசு வாங்கிக்குங்க" என்றார். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது.

போர்டு உண்மையிலேயே போய்விட்டதா? இல்லவே இல்லை! ஃபர்ம்வேர் குடியிருப்பது ஃபிளாஷ் மெமரியில். அதில் ஒரு பிளாக்கை முழுவதுமாக அழித்த பிறகே புதிதாக எழுத முடியும். நடுவில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் என்ற கதைதான்!

பெட்டியை விடுதிக்குக் கொண்டு வந்து திறந்தேன். போர்டின் ஓரத்தில் சீரியல் இணைப்புக்கான முனைகள் இருந்தன. 3.3 வோல்ட் என்று மல்டிமீட்டரில் உறுதி செய்து கொண்டேன். 5 வோல்ட் கொடுத்தால் சிப்பே போய்விடலாம். 115200 வேகத்தில் லேப்டாப்போடு இணைத்ததும் திரையில் எழுத்துகள் ஓடின. பூட்லோடர் உயிரோடு இருந்தது! அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் தந்த கோப்பைப் பென் டிரைவிலிருந்து ஏற்றினேன். பெட்டி எழுந்து உட்கார்ந்தது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, குற்றவாளியே நான்தான். ஃபர்ம்வேர் மாற்றுவது பொத்தான் அழுத்துகிற வேலை அல்ல, ரிப்பேர் வேலை என்பதே என் கருத்து. ரிப்பேருக்குரிய ஒழுங்கு அதற்கும் வேண்டும். முதலில் யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் இணைப்பு. அடுத்து, மாடல் எண்ணையும் போர்டின் பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. மூன்றாவது, தயாரிப்பாளரின் கோப்பு மட்டுமே. "ஃபிரண்டு கொடுத்தான்" என்ற பேச்சே வேண்டாம். மலிவான ஸ்ட்ரீமிங் பெட்டிகள் சில, விற்பனைக்கு வரும்போதே கெட்ட மென்பொருளோடு வருவதாக 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரித்தது நினைவிருக்கட்டும்.

தயாரிப்பாளருக்குப் பொறுப்பு இல்லையா? உண்டு. 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0 முதல், ஃபர்ம்வேரை இரண்டு பகுதிகளில் வைக்கும் வசதி இருக்கிறது. ஒன்று ஓடும்போதே மற்றொன்றில் புதியது எழுதப்படும்; புதியது தவறினால் பழையது எழுந்து கொள்ளும். ஆனால் எல்லாப் பெட்டிகளிலும் அந்த வசதி கிடையாது. இல்லாத பெட்டிகளுக்குப் பாதுகாப்பு நம் கவனம்தான்.

"போர்டு போச்சு" என்ற இரண்டே சொற்களில் குப்பைக்குப் போகும் பெட்டிகள் எத்தனை! டிப்ளமோவோடு வெளியே போகும் நாமும் அதையே சொல்வதா? நம் லேபில் பழைய பெட்டி ஒன்றைத் திறந்து வைப்போம். கெடுத்துப் பார்ப்போம், மீட்கவும் கற்போம். அடுத்த முறை பெரியம்மா கேட்டால், "ஆமா பெரியம்மா, இதுதான் நான் படிச்ச படிப்பு" என்று தலைநிமிர்ந்து சொல்வோம்!