சட்டம் பேசும் மொழி நமக்குப் புரிகிறதா?

"டீச்சர், இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்களேன். விடுதலைப் பத்திரம் என்று போட்டிருக்கிறது. நல்லதுதானே?"

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப் பொழுதில், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓர் அம்மாள் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வார இதழ்களை வரி விடாமல் வாசிப்பவர். தந்தை உயில் எழுதாமலே காலமாகிவிட்டார். அண்ணன் வந்து, "வீட்டு வரி, பட்டா எல்லாம் மாற்ற வேண்டும். நாளை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்று சொல்லி, பத்திர நகலையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தலைப்பில் 'விடுதலை' என்று இருந்ததைப் பார்த்ததும், ஏதோ பழைய கடனிலிருந்து தம்மை விடுவிக்கிறார்கள் என்று அந்த அம்மாள் நினைத்துக்கொண்டார்.

நான் படித்துப் பார்த்தேன். ஒரு முறை படித்ததில் ஒன்றும் விளங்கவில்லை. முதல் வாக்கியம் தொடங்கிய பக்கத்தில் முடியவே இல்லை. இடையிடையே 'மேற்படி' என்பதற்கு ௸ என்று ஒரு குறி. யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை என்று ஓர் இடத்தில் வருகிறது. யாருக்கு இல்லை? எதில் இல்லை? எம்.ஏ. பட்டம் பெற்று, பல ஆண்டுகள் மொழி கற்பித்த நான், மூன்றாம் முறை படித்த பிறகே புரிந்துகொண்டேன். தந்தை வீட்டில் தமக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, இனி அதில் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்று அந்த அம்மாளே எழுதிக் கொடுப்பதாக அமைந்த பத்திரம் அது. விடுதலை அவருக்கு அல்ல, அவருடைய பங்குக்கு!

விஷயத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணன் கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேனே, டீச்சர்" என்றார்.

மாணவச் செல்வங்களே, இந்தக் கட்டுரைக்கு விதை அந்த ஒரு வார்த்தைதான். பங்கைக் கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் அவரவர் விருப்பம். ஆனால் தெரிந்து கொடுத்தால் அது கொடை. தெரியாமல் கொடுத்தால் அது இழப்பு. இரண்டுக்கும் நடுவே நிற்பது பணமல்ல, படிப்புக்கூட அல்ல. புரிகின்ற மொழி ஒன்றுதான் நிற்கிறது.

நன்றாகக் கவனியுங்கள். அந்தப் பத்திரம் ஆங்கிலத்திலா இருந்தது? தமிழில்தான் இருந்தது. தாய்மொழியில் எழுதப்பட்ட ஒன்றே அயல்மொழிபோல் நிற்குமானால், அயல்மொழியில் எழுதப்பட்டது எப்படி நிற்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

நம் கச்சேரித் தமிழைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். வக்காலத்து, ஜாமீன், ஆஜர், அமீனா, ஜப்தி, வாரிசு ஆகியவை அரபு, பாரசீக மொழிகளின் வழியே வந்தவை. கிரயம், பாத்தியம் என்பவை வடமொழி வழி வந்தவை. சம்மன், நோட்டீஸ், அப்பீல் ஆகியவை ஆங்கிலம். நம்மை ஆண்ட ஒவ்வோர் அரசும் நீதிமன்ற வாசலில் சில சொற்களை விட்டுச் சென்றிருக்கிறது. சொற்கள் வந்ததில் குற்றமில்லை. 'ஜாமீன்' என்பது இன்று பாமரருக்கும் புரிகிற சொல்தான். அந்தச் சொற்களைக் கோத்து எழுதும் முறையில்தான் குற்றம் இருக்கிறது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்றும் எண்ண வேண்டாம். ஆங்கிலேயரே தங்கள் சொந்த நாட்டில் இதை அனுபவித்திருக்கிறார்கள். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், அந்நாட்டுச் சட்டத்தின் மொழியாகப் பிரெஞ்சும் லத்தீனும் ஆயின. வழக்காட வந்த குடியானவனுக்குத் தன் வழக்கில் என்ன பேசுகிறார்கள் என்றே தெரியவில்லை. 1362-இல், வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில்தான் எழுதப்பட்டிருந்தது! ஆவணங்கள் உட்பட நீதிமன்ற நடவடிக்கை முழுவதும் ஆங்கிலத்திலேயே நடப்பதென்று நிலைபெற்றது 1733-இல்தான். இங்கிலாந்துக்காரனுக்குத் தன் நீதிமன்றத்தில் தன் மொழி கிடைக்க ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எந்த ஆங்கிலம் கற்றால்தான் நீதி புரியும் என்று நாம் இன்று நினைக்கிறோமோ, அதே ஆங்கிலம் ஒரு காலத்தில் கோர்ட்டு வாசலில் காத்து நின்ற மொழிதான்.

நம் நாட்டின் நிலை என்ன? சட்டம் தெரியாது என்று யாரும் தப்ப முடியாது என்பது பல நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுள்ள கொள்கை. அப்படியானால் சட்டம் நமக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று கேட்க நமக்கும் உரிமை உண்டல்லவா? அந்த உரிமையை நமது உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. மகாராஷ்டிர அரசு ஹரிகிசன் என்பவரைத் தடுப்புக் காவலில் வைத்தது. காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தியில் வேண்டும் என்று கேட்டார். 'காவல்துறை அதிகாரி வாயால் விளக்கிச் சொன்னார், அது போதும்' என்று அரசுத் தரப்பில் வாதாடினார்கள். போதாது என்றது உச்ச நீதிமன்றம். அவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுத்தால்தான் காரணத்தைத் தெரிவித்ததாகும் என்று 1962-இல் தீர்ப்பளித்து, அவரை விடுவித்தது. அதுவன்றோ உண்மையான விடுதலை!

நம் அரசியல் சட்டத்தின் 348-ஆம் பிரிவுப்படி, நாடாளுமன்றம் வேறு விதமாகச் சட்டம் செய்யும்வரை, உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் ஆங்கிலமே மொழி. குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநில மொழியையும் உயர் நீதிமன்றத்தில் பயன்படுத்தலாம் என்று அதே பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்கள் அந்தக் கதவின் வழியே இந்தியைக் கொண்டு சென்றன. தமிழுக்கும் அவ்வாறே வழி வேண்டும் என்று நம் சட்டமன்றம் 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. கதவு இன்னும் திறக்கவில்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன; அவற்றுள் தமிழும் ஒன்று. இது நல்ல தொடக்கம், வரவேற்போம்.

ஆனால் தமிழ் வந்துவிட்டால் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். விடுதலைப் பத்திரமும் தமிழில்தானே இருந்தது! மொழியை மாற்றுவதோடு, மொழியின் நடையையும் மாற்ற வேண்டும்.

இங்கே வழக்கறிஞர்கள் ஒரு தடை எழுப்புவார்கள். "சட்டத்தின் மொழி ஐயத்துக்கு இடமின்றித் துல்லியமாக இருக்க வேண்டும். எளிமையாக்கினால் ஓட்டை விழும்" என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. 'உயில்', 'ஜாமீன்' போன்ற கலைச்சொற்களை மாற்ற இயலாது, மாற்றவும் வேண்டாம். ஆயினும் நம்மை மயங்க வைப்பவை அந்தச் சில சொற்கள்தானா? அமெரிக்காவில், ஜூரிகளுக்கு நீதிபதி படித்துக் காட்டும் அறிவுரைகளை எடுத்து, ராபர்ட் சாரோ, வீடா சாரோ என்ற இருவர் ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டார்கள். கேட்டவர்களைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எதிர்மறைகள், வாக்கியத்துக்குள் வாக்கியமாகச் செருகிய தொடர்கள், செய்பவர் யாரென்று மறைக்கும் செயப்பாட்டு வினைகள் ஆகியவை புரிதலைக் கெடுத்த காரணங்களில் முக்கியமானவை என்று கண்டார்கள். இவற்றைத் திருத்தி எழுதிக் காட்டியபோது மக்களுக்கு முன்னைவிட நன்றாக விளங்கியது. ஆகவே துல்லியம் வேறு, சிக்கல் வேறு. "இந்த வீட்டில் என் பங்கை என் அண்ணனுக்குக் கொடுத்துவிடுகிறேன். இனி நான் அதைக் கேட்க முடியாது" என்று பத்திரத்தின் முதல் வரியில் எழுதினால் எந்த ஓட்டை விழுந்துவிடும்?

சரி, சட்டத்தை எழுதுவோர் திருந்தட்டும். மொழியைக் கற்பிக்கும் நாங்கள் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லையா? உண்டு. குற்றவாளிக் கூண்டில் நானும் ஏறி நிற்கிறேன்.

நம் வகுப்பறையில் ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது? செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றுகிறீர்கள். கோடிட்ட இடத்தை நிரப்புகிறீர்கள். நூற்றுக்குத் தொண்ணூறும் வாங்குகிறீர்கள். ஆனால் வங்கியில் ஒரு படிவத்தை நீட்டினால், "டீச்சர், இதை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்" என்கிறீர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை. டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1972-இல் வெளியான தம் கட்டுரையில் இதைத்தான் எடுத்துக் காட்டினார். இலக்கணம் பிழையின்றி அமைந்தால் மட்டும் ஒருவருக்கு மொழி தெரியும் என்று ஆகாது. எங்கே, யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்று அறிவதும் மொழியறிவே என்றார்.

இதற்கு வழி காட்டிய முயற்சி ஒன்று நமக்கு அருகிலேயே நடந்தது. என்.எஸ். பிரபு என்ற மொழியாசிரியர், 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிகளில் புதுமுறை வகுப்புகளை நடத்தினார். இலக்கண விதியை முதலில் சொல்லவில்லை. ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கேட்டார்கள். ஊர் வரைபடத்தைக் கொடுத்து வழி சொல்லச் சொன்னார்கள். பொருளைத் தேடி மனம் ஓடும்போது மொழி தானே படியும் என்பது அவர் நம்பிக்கை. பின்னர் அளந்து பார்த்தபோது, இலக்கணம் பயின்ற பிள்ளைகள் இலக்கணத் தேர்விலும், புதுமுறையில் பயின்றவர்கள் பொருளறியும் தேர்விலும் மேலாக நின்றார்கள். எதைப் பயிற்றுகிறோமோ அதுவே கிடைக்கிறது! ஆகவே இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் இன்று நாம் ஒன்றை மட்டும்தானே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லக் கற்றுத் தருகிறோம். கேள்வி கேட்கக் கற்றுத் தருவதில்லை. "புரியவில்லை" என்று சொன்னால் மக்கு என்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்தப் பழக்கம் வகுப்பறையோடு நிற்பதில்லை. ரிஜிஸ்தர் ஆபீசிலும், ஆஸ்பத்திரியிலும், வங்கியிலும் கூடவே வருகிறது. எந்த மொழியைக் கற்றாலும் முதலில் கற்க வேண்டிய வாக்கியம் எது என்று என்னைக் கேட்டால், "எனக்குப் புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்பதே என்பேன். அதைத் தமிழிலும் சொல்லத் தெரிய வேண்டும். ஆங்கிலத்திலும் சொல்லத் தெரிய வேண்டும். தலை குனியாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. ஒன்பதாம் வகுப்பு முதல், மாதத்தில் ஒரு மொழிப் பாடவேளையை உண்மையான தாள்களுக்கு ஒதுக்குவோம். வாடகை ஒப்பந்தம், வங்கிக் கடன் படிவம், காப்பீட்டுப் பத்திரம், நீதிமன்ற நோட்டீஸ் ஆகியவற்றை வகுப்புக்குக் கொண்டு வருவோம். ஒருத்தி படிக்கட்டும், மற்றவள் எளிய தமிழில் சொல்லட்டும், மூன்றாமவள் ஆங்கிலத்தில் சொல்லட்டும், நான்காமவள் எதிர்க் கேள்வி கேட்கட்டும். இதற்குத் தனிக் கட்டடம் வேண்டாம். அரசு ஆணையும் வேண்டாம். ஒரு நகலும் நாற்பத்தைந்து நிமிடமும் போதும். கூடவே, தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு உண்டு என்பதையும் சொல்லி வைப்போம். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டமும், கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே கூறுகின்றன.

எங்கள் தெரு அம்மாள் மறுநாள் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகவில்லை. அண்ணன் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினார். இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். வேறு ஒரு பத்திரம் தயாராயிற்று. அதையும் அவர் என்னிடம் கொண்டு வந்தார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. "நீங்கள் படிக்க வேண்டாம், டீச்சர். நான் படிக்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டால் மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு அவர் படித்தார். ஓர் இடத்தில் நின்று, "இது என்ன?" என்று கேட்டார். என் ஆசிரியப் பணியில் நான் கேட்ட கேள்விகளிலேயே சிறந்த கேள்வி அதுதான். மாணவச் செல்வங்களே, அந்தக் கேள்வியை நீங்கள் பதினைந்து வயதிலேயே கேட்கத் தொடங்குங்கள்!

— ஓர் ஆங்கில ஆசிரியை