நான்கு பக்கங்களின் மீது ஒரு பழைய தீர்ப்பு

யெஸ் என்ற ராக் குழுவின் ரசிகர்கள் கூடினால் இரண்டு ஆல்பங்களை எதிரெதிரே நிறுத்தாமல் கலைவதில்லை. 1972 செப்டம்பரில் வந்த ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ சிகரம். 1973 டிசம்பரில் வந்த ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ சரிவு. ஐம்பது ஆண்டுகளாகக் கைமாறி வரும் தீர்ப்பு இது. இதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் இரண்டாவதை முழுதாகக் கேட்டிருப்பார்கள் என்பதே எங்கள் கேள்வி.

முதல் ஆல்பத்தின் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. தலைப்புப் பாடல் பதினெட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. அதில் உதிரி என்று ஒதுக்க ஒன்றும் இல்லை. பில் ப்ரூஃபர்டின் டிரம்ஸ் ஒவ்வொரு திருப்பத்தையும் இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பதிவு முடிந்ததும் அவர் கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆலன் வைட் வந்தார். ஆள் மாறியதும் தாளத்தின் குணமும் மாறியது. ஒப்பிடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இரண்டாவது ஆல்பம் ஒரு புத்தகத்தில் தொடங்கியது. டோக்கியோ விடுதி அறையில் பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையைப் படித்துக்கொண்டிருந்த பாடகர் ஜான் ஆண்டர்சன், அதில் சாஸ்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பில் நின்றுவிட்டார். சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நான்குக்கும் நான்கு நெடும்பாடல்கள், இரட்டை இசைத்தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக. கீபோர்டு வாசித்த ரிக் வேக்மனுக்கு இது ஒட்டவே இல்லை. ஒரு தட்டுக்கு அதிகம், இரண்டு தட்டுக்குப் போதாது, அதனால் இட்டு நிரப்பினோம் என்பது அவருடைய வாதம். 1974இல் குழுவை விட்டே விலகினார்.

அவர் வாதத்தில் நியாயம் உண்டு. மூன்றாம் பக்கத்தின் முற்பாதியில் தாளவாத்தியங்கள் இடம் தேடி அலைகின்றன. ஆனால் அதே பக்கம் ஸ்டீவ் ஹௌவின் தனிக் கிட்டாரில் வந்து சேரும்போது, அந்த அலைச்சல் இல்லாமல் இந்த அமைதி கிடைத்திருக்காது என்று தோன்றுகிறது. முதல் பக்கம் மந்திரம் ஓதுவதைப் போன்ற குரல்களில் தொடங்கி, கருவிகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர வளர்கிறது. நான்காம் பக்கத்தில் கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் கிட்டாரும் பெரும் தாளக் கொந்தளிப்பும் கடந்து ஒரு எளிய பாடல் மிஞ்சுகிறது. அந்த இடத்துக்கு ஈடானது ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தில் இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

இறுக்கம் ஒரு அழகு. அதை வைத்தே விரிவையும் அளந்தால் விரிவு எப்போதும் தோற்கும். கலைஞன் ஒரு படைப்பில் எட்டியதை அடுத்ததிலும் எட்டச் சொல்லிக் கேட்பது, அவனை அங்கேயே நிற்கச் சொல்வதுதான். யெஸ் நிற்கவில்லை. 1974இல் ‘ரிலேயர்’ வந்தது; 1977இல் வெளியான ‘கோயிங் ஃபார் தி ஒன்’ ஆல்பத்தில் வேக்மன் திரும்பி வந்து வாசித்தார்.

வரிசை போடுவது ரசிகரின் உரிமை, போடுங்கள். அதற்கு முன் ‘டேல்ஸ்’ ஆல்பத்தின் இந்த எண்பது நிமிடத்தை ஒரு மாலையில், இடையில் நிறுத்தாமல், ஒரு முறையாவது கேட்டுவிடுங்கள்.